ஏழு வீட்டு நாக்கு

ஒரே ஒரு ஊரிலே, ராஜாவும் இல்லாத மந்திரியும் இல்லாத, பனியன் கம்பெனிச் சங்குக்கு எழுந்து சங்குக்கே படுக்கிற ஊரிலே, ஏழு வீட்டுக்கு ஒரு குழாயும் ஏழு வீட்டுக்கு ஒரு கார்டும் இருந்ததாம். குழாய் சண்டைக்கு, கார்டு சமாதானத்துக்கு. நீங்கள் உம் கொட்டினால் மேலே சொல்லலாம், கொட்டாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

அது ஒரு லைன் வீடு. குழாயடியில் நின்றால் ஏழு கதவும் தெரியும், ஏழு கதவுக்குப் பின்னாலும் பிழைக்க வந்த சனம். மேட்டு ரோட்டில், உள்ளே போனால் குளிர் அடிக்கிற, வேண்டியதை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிற பெரிய மளிகைக் கடை ஒன்று வந்தது. வாங்க வாங்க பாயிண்ட் ஏறும், ஏறின பாயிண்ட்டுக்குப் பொருள் தருவோம் என்று அவர்கள் ஒரு நீலக் கார்டு கொடுத்தார்கள். கார்டு வேண்டுமானால் ஒரு போன் நம்பர் வேண்டும். லைனில் எல்லாரும் ஆஃபருக்கு ஆஃபர் சிம்மை மாற்றுகிறவர்கள்; பதினோரு வருசமாக ஒரே நம்பரைக் கட்டிக்கொண்டு இருந்தவள் இரண்டாம் வீட்டுத் துளசிமணி மட்டும்தான். அதனால் கார்டு அவள் பேருக்கு ஆனது. தனித்தனியாகச் சேர்த்தால் பல்லுப் போகிற வயசில் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்தான் மிஞ்சும், ஏழு வீடும் ஒரே கார்டில் சேர்த்தால் ரெண்டே வருசத்தில் துணி துவைக்கிற மிஷின் வரும், குழாயடியில் வைத்து முறை போட்டுத் துவைக்கலாம் என்று யோசனை சொன்னவள் மூன்றாம் வீட்டுப் பரிமளம். ஆளாளுக்கு அந்தக் கார்டைப் படம் பிடித்துத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டார்கள். கல்லாவில் போனை நீட்டினால் சிவப்பு வெளிச்சம் கறுப்புக் கோடுகளைத் தடவி 'டிக்' என்னும், அந்தப் பக்கத்துத் திரையில் 'துளசிமணி' என்று பேர் வரும். ஆறாம் வீட்டுக் கட்டிங் மாஸ்டர் ஆரோக்கியசாமி, மீசையை ஒரு பக்கம் முறுக்கிவிட்டு, "ஆமா பாப்பா, நாந்தான் துளசிமணி" என்பார்.

ஏழாவது போனில் கார்டு ஏறின மறுநாள், துளசிமணி கம்பெனியில் செக்கிங் மேசையின் முன்னால் நின்று, பனியனை விரித்து ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிற இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு அவள் நாக்கில் பாகற்காய் கசந்தது. துப்பலாம் என்று எழுந்தால் பின்னாலேயே துணி சோப்பு வந்தது, சோப்புக்குப் பின்னால் உளுத்தம்பருப்பு, பருப்புக்குப் பின்னால் பெருங்காயம், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு தேங்காய்ப் பன். சாயங்காலம் குழாயடியில் பரிமளத்தின் பை சாய்ந்து கிடந்தது, பாகற்காய் வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏனுங் பரிமளம், பதினோரு மணிக்குக் கடைக்குப் போனீங்களா?"

"ஆமாங்க. எப்புடித் தெரியும்?"

"நாக்குல வந்துச்சுங்க."

"அப்படீங்களா," என்றாள் பரிமளம், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே. "பன்னு எப்புடி? இன்னைக்குப் போட்டதுதானே?"

"முந்தாநேத்துப் பன்னுங்க."

பரிமளம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அப்போதே கடைக்குப் போய் பன்னை மாற்றிக்கொண்டு வந்தாள். லைன் வீடு அதற்காகப் பட்ட ஆச்சரியம் அவ்வளவுதான்.

அதன்பிறகு அது மழை வெயில் மாதிரி ஒன்றாகிவிட்டது. வெல்லத்தில் மண் இருக்கிறதா, மிளகாய்த்தூளில் செங்கல் இருக்கிறதா என்று, பில் போட்ட கையோடு கடைக்குள்ளேயே நின்று போனில் கேட்பார்கள், துளசிமணி கம்பெனிக் கழிவறை ஓரம் நின்று சப்புக்கொட்டிப் பார்த்துச் சொல்வாள். பினாயில் வாங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவார்கள், அவள் ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வாள். பஸ் ஸ்டாண்டு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடைக் காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டார். ஏழாம் வீட்டுக் காளீஸ்வரி, அருப்புக்கோட்டையிலிருந்து வந்து தனியாகத் தங்கி ஓவர்லாக் தைக்கிற இருபத்து மூன்று வயசுப் பெண், கடைக்குப் போனால் முதலில் ஒரு கடலை மிட்டாயைத்தான் கல்லாவில் வைப்பாள். அக்கா நாக்கு முதலில் இனிக்கட்டும், மிச்சத்துக்கு அப்புறம் கசக்கட்டும் என்பாள்.

புரட்டாசியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. சனிக்கிழமை விரதத்தில் இருந்தவள் நாக்கில் முழுசாக ஒரு டஜன் முட்டை இறங்கியது. துளசிமணி பெருமாள் கோயிலுக்கு ஓடினாள்.

"வாங்கினவர் பாவமுங்களா, ருசிச்சவ பாவமுங்களா சாமி?"

பட்டர் துளசித் தட்டைக் கையில் வைத்தபடி யோசித்தார். "விழுங்கினேளா?"

"இல்லீங்க. தானா வந்துச்சு, தானா போச்சு."

"அப்போ சனிக்கிழமை மட்டும் அவரைக் கார்டை நீட்ட வேண்டாம்னு சொல்லுங்கோ."

முட்டை தன்னுடையதுதான் என்று தானே முன்வந்து ஆரோக்கியசாமி பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார். "சனிக்கிழமை நான் துளசிமணி இல்லீங்க பாப்பா, வெறும் ஆரோக்கியசாமி" என்று கல்லாவில் சொல்லிவிட்டு, பாயிண்ட் போனாலும் போகட்டும் என்று முட்டையோடு வருவார்.

ஆனால் நாக்கு எதை வாங்கினார்கள் என்றுதான் சொல்லுமே ஒழிய யார் வாங்கினார்கள் என்று சொல்லாது. தலைமுடிக்குப் போடுகிற மை ஒருநாள் வந்து, வாயெல்லாம் கறுத்த மாதிரி இருக்கிறது என்று துளசிமணி குழாயடியில் விளையாட்டாகச் சொல்லிவைக்க, அன்று முழுக்க ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். அப்போதுதான் ஏழு வீட்டுக்கும் ஒன்று உறைத்தது: நம் கூடையில் விழுகிறது எல்லாம் அவள் வாயில் விழுகிறது. கல்லாப் பெண் "கார்டு இருக்குங்களா?" என்று கேட்டால், போனைக் கையில் வைத்துக்கொண்டே "இல்லீங்க" என்று சொல்லப் பழகினார்கள். துளசிமணியோடு பேசும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தார்கள். உதடு அசைந்தால், என்னத்தைக் கண்டாளோ என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். பாயிண்ட் ஏறுவது குறைந்தது. குறையக் குறைய, யாரோ மிஷினைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்று ஏழு வீடும் மற்ற ஆறு வீட்டைச் சந்தேகப்பட்டது.

அந்த நேரத்தில்தான், ஐப்பசி பிறந்து நாலாம் நாள், மாலை நாலு மணிக்கு, துளசிமணி நாக்கில் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற மாவு வந்தது. கோதுமையும் பாலும் கலந்த, பல் இல்லாத வாய்க்கென்றே செய்த, தொட்டதும் கரைகிற தித்திப்பு. மறுநாளும் நாலு மணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஒரு சின்னப் பாக்கெட் அளவுதான், ஆனால் ஒருநாள் தவறவில்லை.

லைனில் கைக்குழந்தையே இல்லை.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன் புருசனைத்தான். ஆறுச்சாமி குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன்; சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் துணிக்கட்டு ஏற்றிப் போகிறவன் நாலு மணிக்கு எங்கே நிற்கிறான் என்று யார் கண்டது? அவன் குளிக்கப் போன நேரம் போனைத் தடவினாள், வண்டி சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள், கழற்றிப்போட்ட சட்டையை மூக்கில் வைத்து இழுத்தாள். நாலாம் நாள் அவன் துண்டோடு வந்து நின்றான்.

"எதுக்குப் புள்ள என்ற சட்டையை மோந்து மோந்து பாக்கற?"

"வேர்வை நாத்தம் போயிருச்சான்னு பாத்தனுங்க."

"வேர்வைக்குப் பாக்கறவ கையிடுக்குல பாப்பா. நீ தோள்ல பாக்கற. தோள்ல கொழந்தையத்தான் போடுவாங்க."

துளசிமணிக்கு முகம் செத்துப்போயிற்று. நாலு மணி மாவைப் பற்றி அவனிடம் சொன்னாள். ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "யாரு கொழந்தையோ பசியாறுது. அதைய வெளிய சொல்லிப்போடாத" என்றான்.

வெளியே சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் வாயில் இருக்கிறதை எத்தனை நாள் வாய்க்குள்ளேயே வைப்பது? மறுநாள் காலையில் குழாயடியில், தண்ணீர் நிரம்புகிற சத்தத்துக்கு நடுவே, "நம்ம லைன்ல யாருங்க கொழந்தை வச்சிருக்கறது?" என்று கேட்டுவிட்டாள். குடம் நிரம்பி வழிந்தது, குழாயை மூட ஒரு கை நீளவில்லை.

காலையில் அந்த மாவுப் பேச்சு எல்லா வீட்டு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. மத்தியானம் ஆரோக்கியசாமி வாசலில் கூடுதலாகக் கிடந்தது, "ஏன் மாஸ்டர், ரெண்டு குடும்பத்துக்குக் கட்டிங் போடறீங்களாமே" என்று கம்பெனியில் கேட்டார்களாம். சாயங்காலத்துக்குள் எல்லாரும் சேர்ந்து அதைக் கூட்டி அள்ளி ஏழாம் வீட்டு வாசலில் கொட்டிவிட்டார்கள். தனியாக இருக்கிறவள் அவள்தானே. சித்திரையில் வயிற்று வலி என்று ரெண்டு மாசம் ஊருக்குப் போனவளும் அவள்தானே. சேலையைத் தளரத் தளரக் கட்டுகிறாள், பார்த்தீங்களா என்றாள் பரிமளம். காளீஸ்வரி சேலை கட்டி யாரும் பார்த்ததே இல்லை, அவள் எப்போதும் சுடிதார்தான். இருந்தும் அன்று ஆறு வீடும் அந்தச் சேலையைப் பார்த்திருந்தது.

அந்தப் பேச்சு வீட்டுக்கார அம்மா நாச்சாத்தாள் காதுக்குப் போனது. வெத்தலையை மென்றுகொண்டே வந்தாள்.

"பொறந்ததை எங்கியோ ஒளிச்சு வச்சுட்டு இங்க நல்லவளாட்ட இருக்கறதெல்லாம் ஆகாது கண்ணு. ஞாயித்துக்கெழமை சாமானை எடுத்துரு."

"எந்தப் பிள்ளையை ஒளிச்சேன்? வந்து பாருங்க. பெட்டியத் தெறந்து பாருங்க, அடுப்புக்குள்ள பாருங்க!" என்று கத்தினாள் காளீஸ்வரி. அப்புறம் துளசிமணியைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்களேன். உங்க நாக்குத்தானே."

துளசிமணி எதைச் சொல்வாள்? நாக்குக்கு ருசி தெரியும், ஆள் தெரியாதே. "அது யாருன்னு எனக்குத் தெரியல கண்ணு" என்றாள், அவள் இழுத்துச் சொன்ன அந்த ஒரு சொல்லிலேயே ஆறு வீடும் காளீஸ்வரியின் பேரைக் கேட்டுக்கொண்டது. அன்றோடு கடலை மிட்டாய் நின்றுபோனது.

தன் வாயால் போன மானத்தைத் தன் வாயால்தான் மீட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை துளசிமணி ஒரு சத்தியத்துக்கு ஏற்பாடு செய்தாள். அவள் வீட்டுப் பித்தளைக் குடத்தைக் கழுவிக் காயவைத்து, திருநீறு பூசி, குழாயடிக் கல்லில் வைத்தாள். ஏழு வீட்டுப் போனும் குடத்துக்குள் போக வேண்டும், குடத்தின் வாயில் துண்டைக் கட்ட வேண்டும், நாலு மணி தாண்டுகிறவரை ஒருத்தரும் எழக்கூடாது. அப்படியும் மாவு வந்தால், அது ஏழு வீட்டு வேலை இல்லை, எட்டாவதாக எங்கேயோ ஒரு போன் இருக்கிறது.

போன்கள் ஒவ்வொன்றாக 'ணங்' என்று விழுந்தன. நாச்சாத்தாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். குடத்துக்குள் யாருக்கோ அழைப்பு வந்து, பித்தளை அதிர்ந்து, பக்திப் பாட்டு ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்து நின்றது. "யாரு கூப்புடறாங்களோ" என்றாள் பரிமளம், மற்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக அளந்தபடி. மூணே முக்கால், மூணு ஐம்பது. பதினாலு கண்ணும் அதற்கு மேலும் துளசிமணி உதட்டின் மேல் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தது. காளீஸ்வரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு அடித்தது. துளசிமணி நாக்கில் மாவு கரைந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்துருச்சுங்க! எட்டாவது போன் இருக்குதுங்க! இந்தப் புள்ள இல்லீங்க!"

பரிமளம்தான் தொண்டையைச் செருமினாள்.

"நீங்க சொன்னா ஆச்சுங்களா? எங்க நாக்குல ஒண்ணும் வரலியே."

"என்ற நாக்குலதானே எப்பவும் வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்குத்தான் வரும், நீங்கதான் சொல்லோணும். அந்தப் புள்ள மேல உங்களுக்குப் பாசம். இல்லாட்டி குடத்துக்குள்ள உங்க வூட்டுக்காரரு போனும் கெடக்குதே, யாரைக் காப்பாத்தறீங்களோ."

"அன்னைக்கு இதே நாக்கை நம்புனீங்களே!"

"அன்னைக்கு நம்புனது வேற சங்கதிங்க," என்றார் ஆரோக்கியசாமி, மீசையைத் தடவி, நியாயம் சொல்கிற குரலில்.

நாச்சாத்தாள் எழுந்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம் தர்றேன். கண்ணால பாக்கற மாதிரி எதுனா காட்டு. இல்லாட்டி இவ காலி பண்ணட்டும்."

திங்கட்கிழமை துளசிமணி அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மூன்றரை மணிக்கே அந்தக் கடையில் பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றாள். நாலு மணிக்கு மில் வாட்ச்மேன் உடுப்பில் ஒரு ஆள் வந்தான். குழந்தை மாவில் இருப்பதிலேயே சின்னப் பாக்கெட் ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தான். கல்லாப் பெண் கோமதி "கார்டு இருக்குங்களா?" என்றாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். கோமதி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து, சிவப்பு வெளிச்சத்துக்குக் காட்டினாள். 'டிக்.' துளசிமணி வாய் தித்தித்தது.

அந்த ஆள் போனதும் துளசிமணி போய் முன்னால் நின்றாள். "திரையில என்ன பேரு வருது பாப்பா?"

"துளசிமணி," என்றாள் கோமதி பழக்கத்தில். நிமிர்ந்து பார்த்தவள் முகம் வெளுத்தது. "நீங்களாக்கா?"

ஏழாம் வீட்டு அக்கா போனில் கேமரா உடைந்திருந்ததால் கார்டைத் தன் போனில் பிடித்துத்தான் அனுப்பினேன், அது அப்படியே தங்கிவிட்டது, கார்டு இல்லாதவர்கள் பாயிண்ட் சும்மா காற்றில் போகிறதே என்று உங்கள் கார்டில் போட்டுவிட்டேன் என்று அவள் மூச்சு விடாமல் சொன்னாள். "மிஷினு மிஷினுன்னு உங்க லைன்காரவுக வரும்போதெல்லாம் பேசுவாகல்லா. சீக்கிரம் வரட்டும்னுதான்க்கா. கல்லாவுல போன் வச்சிருந்ததுக்கே போன மாசம் ரெண்டு பேரை அனுப்பிட்டாக. வெளிய தெரிஞ்சா என்னையும் அனுப்பிருவாக. எங்க வீட்ல என் சம்பளம்தான்க்கா சோறு." போனை எடுத்தாள். "இந்தா, இப்பவே அழிச்சிருதேன்."

"அந்த ஆளு யாரு?"

"வாட்ச்மேன். பொண்டாட்டிக்குப் பால் இல்லையாம். பெரிய டப்பா வாங்க முடியல, டூட்டிக்குப் போறப்ப டெய்லி ஒண்ணு வாங்கி வீட்ல குடுத்துட்டுப் போவாரு."

துளசிமணி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "அழிக்காத. மத்தவியளுதைப் போடாத, இது மட்டும் இருக்கட்டும். அந்தக் கொழந்தை சாப்புட்டுச்சான்னு எனக்குத் தெரியோணும்."

அந்த வாரம் முழுக்க அவள் தையல் ஓட்டைகளைப் பார்த்தாளே தவிர ஸ்டிக்கர் ஒட்ட மறந்தாள். கோமதியைக் கூட்டி வந்து குழாயடியில் நிறுத்தினால் காளீஸ்வரிக்கு வீடு மிஞ்சும். ஏழு வீட்டுக்குத் தெரிந்தது ஏழு தெருவுக்குத் தெரிந்து, கோமதிக்கு வேலை போகும். நிறுத்தாவிட்டால் கோமதிக்கு வேலை மிஞ்சும், காளீஸ்வரி சாமான் தெருவுக்கு வரும். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, ஒருவரும் நம்பவில்லை. அப்போது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சந்தேகப்படுகிறவர்களுக்கு லாபம் இல்லாத பேச்சு தொண்டைக்குள் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு நாச்சாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் துளசிமணி எழுந்து நின்றாள்.

"என்ற நாக்குல ஒண்ணும் வரலீங்க. எப்பவுமே வந்ததில்லீங்க."

"பின்ன பாகற்காயி?" என்றாள் பரிமளம்.

"உங்க பையை எட்டிப் பாத்தனுங்க."

"முட்டை?"

"மாஸ்டர் வூட்டுக் குப்பையில ஓடு கெடந்துச்சுங்க."

"அந்த மையி?"

"உங்க காதோரம் கறுத்திருந்துச்சுங்க."

பரிமளத்தின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. ஆரோக்கியசாமி சிரிப்பை மீசைக்குள் போட்டு அடக்கினார்.

"எதுக்குடி இத்தனை கூத்து?" என்றாள் நாச்சாத்தாள்.

"எல்லாருஞ் சந்தேகப்பட்டுக் கார்டை அழிச்சுட்டா மிஷின் எனக்கு ஒருத்திக்கே வந்துருமுன்னு நெனச்சனுங்க. கொழந்தை மாவுன்னு சொன்னதும் அதுக்குத்தானுங்க. இந்தப் புள்ள ஒண்ணும் பண்ணலீங்க."

ஒரு மாசமாக அவள் வாயையே பார்த்திருந்து ஒரு சொல்லையும் நம்பாத சனம், இந்தச் சொல்லை அல்வா மாதிரி விழுங்கியது. "நா அப்பவே நெனச்சேன்" என்றாள் நாச்சாத்தாள், அப்போது அப்படி நினைத்திராதவள். "அந்தப் புள்ள இருக்கட்டும். நீ சேந்த பாயிண்ட்டுக்குச் சக்கரை வாங்கி ஆறு வூட்டுக்கும் பங்கு போட்டுக் குடு." வெத்தலையைத் துப்பிவிட்டு, ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அதன்பின் ஒவ்வொருவராகப் போனை எடுத்து, கார்டின் மேல் விரலை அழுத்தி, அழிக்கட்டுமா என்று போன் கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். பரிமளம் அழித்தபோது துளசிமணி நாக்கிலிருந்து கசப்பு போனது, "இப்புடியும் ஒரு பொம்பளையா" என்றபடி பரிமளமும் போனாள். ஆரோக்கியசாமி அழித்தபோது உப்பு போனது. "இனிமே என்னைக்குமே நான் துளசிமணி இல்லீங்க" என்று அவர் சொன்னது வேடிக்கையாகத் தொடங்கி வேடிக்கை இல்லாமல் முடிந்தது. ஒன்றாம் வீடும் நாலாம் வீடும் ஐந்தாம் வீடும் அழித்தபோது புளிப்பும் உறைப்பும் துவர்ப்பும் ஒன்றன்பின் ஒன்றாக, வாடகை முடிந்த சனம் மாதிரி, வெளியேறிப் போயின. ஆறுச்சாமி போனைத் தொடவில்லை. பொண்டாட்டியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தான். "லோடு ஏத்தோணும்" என்று யாருக்கோ சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லோடே இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

குழாயடியில் காளீஸ்வரி மட்டும் நின்றாள். ஒரு வாரமாகக் கட்டி வைத்த மூட்டைகள் அவள் கதவோரம் தெரிந்தன.

"என்னைய ஊரே பேசுனப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க," என்றாள். "ஒரு மிஷினுக்காகவாக்கா?"

சரியாக அப்போது நாலு அடித்தது. மற்ற ருசியெல்லாம் போய் வெறிச்சோடிக் கிடந்த நாக்கில், கோதுமையும் பாலும் கலந்த அந்தத் தித்திப்பு மெல்லக் கரைந்து பரவியது. துளசிமணி உதட்டை இறுக்கினாள். இறுக்கியும் தாடை ஒரு தரம் அசைந்துவிட்டது.

காளீஸ்வரியின் கண் அந்த வாய்க்குப் போனது. "என்னக்கா மெல்லுறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. வெறும் வாயி."

"வெறும் வாய மெல்லுறதுக்கு நான்தான் அவலாக் கெடச்சேனா?"

துளசிமணி வாயில் இருந்ததை விழுங்கினாள். சொல்ல வந்ததும் அதோடு சேர்ந்து உள்ளே போனது.

காளீஸ்வரி போனை எடுத்தாள். விரலை அழுத்தினாள். துளசிமணியின் முகத்தை இன்னொரு தரம், செக்கிங் மேசையில் பனியனைப் பார்க்கிற மாதிரி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். பிறகு திரும்பி, வழிந்து கிடந்த தண்ணீரைத் தாண்டி, ஏழாம் வீட்டை நோக்கி நடந்து போனாள்.